ஒரு வார்த்தை கேட்டீங்களா

அந்தப் பக்கம் வேணாம் சார், இந்தப் பக்கமா உக்காருங்க. ஜன்னலோரம் எனக்கு விட்டுருங்க, இல்லேன்னா திருப்புவனம் தாண்டுறதுக்குள்ள குமட்டிக்கிட்டு வந்துரும். ஆங், இப்படி என் வலப்பக்கம். பேசிக்கிட்டே போகலாம்ல. பழைய வண்டி, இஞ்சின் சத்தம் காதப் பிளக்குது. நான் கொஞ்சம் சத்தமாப் பேசுனா தப்பா எடுத்துக்காதீங்க, வண்டிக்காகப் பேசுறேன்.

எங்க, பரமக்குடியா? நான் பார்த்திபனூர்ல இறங்கிருவேன். என்ன வேலை பாக்குறீங்க? வைத்தியரா? நல்லதாப் போச்சு, தொண்டை விசயமா ஒன்னு உங்ககிட்ட... என்னது? ஓ, வாத்தியாரா. சரி, வாத்தியாரும் நல்லதுதான். பாட்டுக் கேப்பீங்களா சார்? காதுல ஒயரு மாட்டியிருக்கீங்களேன்னு கேட்டேன். உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும். பார்த்திபனூர் வர்றதுக்குள்ள ஆகணும். பதறாதீங்க, கைமாத்து எல்லாம் இல்ல. ஒரு பாட்டக் கேட்டுட்டு எப்படியிருக்குன்னு சொல்லணும், அம்புட்டுத்தான்.

என் பேரு சோலைராசு. ராக்காச்சி சவுண்ட் சர்வீஸ்னு மதுரைக்குக் கிழக்க எந்த ஊர்லயும் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. முளைப்பாரி, பூக்குழி, கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் நம்ம செட்டுத்தான். என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம். கொம்புக்காரன்பட்டி பஞ்சவர்ணம்னா கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லையா? சரி விடுங்க, உங்க ஊருப் பக்கம் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. அவ மேடையில நின்னு ஒரு குரல் விட்டான்னா அடுத்த ஊர்ல படுத்திருக்கிறவன் எந்திரிச்சு உக்காருவான். பாட்டும் அவளே கட்டுவா. ஊருக்குள்ள கால வச்சதும் அங்க என்ன சாமி, கண்மாய் நிறைஞ்சிருக்கா, யாரு கோவிச்சுக்கிட்டு வரி குடுக்காம நிக்கிறாரு, எல்லாம் விசாரிப்பா. கிழவிகளோட உக்காந்து ஒவ்வொன்னாக் கேப்பா. பொழுது சாஞ்சு மேடை ஏறுனா அது அம்புட்டும் பாட்டா வந்து விழுகும்.

நான் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல நிப்பேன். முப்பது வருசமா அதே இடம், இடது கைப் பக்கம் பெட்டி, வலது கைப் பக்கம் ஆம்ப்ளிஃபயர். எக்கோ என் கையில. மூணுல வச்சா சாமிப்பாட்டு, அஞ்சுல வச்சா ஆடுற பாட்டு, ஒப்பாரின்னா ஏழு. ஏழுல வச்சு அவ 'எம்மா'ன்னு ஒரு இழுப்பு இழுத்தான்னா அது கண்மாய்க்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும். சனங்க அழுதுரும். அழுதது பாட்டுக்கா எக்கோவுக்கான்னு நான் யாருகிட்டயும் கேட்டதில்ல, ஆனா எனக்குத் தெரியும் சார். சோறு எம்புட்டு நல்ல சோறா இருந்தாலும் குழம்பு ஊத்தாமத் திங்க முடியுமா?

போன ஆடியில அவளுக்குக் கழுத்துல ஒரு கட்டி. சுண்டைக்கா அளவுக்குத்தான் இருந்துச்சு. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வச்சு எடுத்தோம். கெட்ட கட்டி இல்லேன்னுட்டாங்க, அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம். டாக்டர்கிட்ட எல்லாம் நான்தான் கேட்டேன். பங்குனிக்குப் பாடலாமான்னு கேட்டேன். பங்குனி இல்லேன்னா சித்திரைக்காச்சும் பாடலாமான்னு கேட்டேன். மூணு ஊருக்கு அச்சாரப் பாக்கு வாங்கியாச்சு, நான் கேக்காம யாரு கேப்பா? பாக்கலாம்னாரு.

வீட்டுக்கு வந்ததுல இருந்து அவ ஒரு மாதிரியாயிட்டா. பேசுறதே இல்ல. வாய மட்டும் அசைப்பா. எங்க வீட்டுக்குப் பின்னாடி மாவு மில்லு ஒன்னு இருக்கு, ஓயாம ஓடும், ஞாயித்துக்கிழமைகூட நிறுத்த மாட்டான். அந்தச் சத்தத்துல முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? சத்தமாச் சொல்லேன்டின்னு நாலு தரம் சொல்லிப் பாத்தேன். கழுத்தத் தடவிக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாப்பா. தட்ட வச்சிட்டுப் போயிருவா. ஆத்துக்கு அக்கரையில நின்னு ஆளைக் கூப்பிட்டவ சார் அவ. வீம்பு. வேற என்ன? பேசாதவகிட்ட நமக்கென்ன பேச்சுன்னு நானும் நிறுத்திட்டேன். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேரு, சத்தமில்லாம. பழகிப் போச்சு. கோவமும் வரல, சங்கடமும் வரல. பல்லுப் பிடுங்க ஊசி போட்டா கன்னம் நம்ம கன்னம் மாதிரியே இருக்காதுல்ல, அப்படித்தான் இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு.

இதுல என் மதினி, அவ அக்கா முத்துராக்கு, ஒருநாள் வந்து என் தோளத் தட்டித் திருப்பி வச்சிக்கிட்டு, மாப்ள நீங்க ஒருக்கா காதப் பாருங்கங்குது. குரல் போனது அவளுக்கு, காதப் பாக்கணுமாம் எனக்கு. எங்கயாச்சும் உண்டா சார்? செட்டுக்காரன் காது. ஒயருல ஒரு பிசிறு இருந்தா எந்தப் பெட்டியில இருக்குன்னு சொல்லிருவேன். சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

என்ன சார்? ...ஆமா, மானாமதுரை இன்னும் வரல. வரும்.

இப்படி இருக்கையில ஒருநாள் டீக்கடைக்குப் போறேன். கடைக்காரரு பால்ச்சாமி கிளாஸக் கழுவாம என்னையவே பாக்குறாரு. என்னய்யான்னேன். உன் வீட்டுக்காரி இப்படிப் பாடியிருக்கேப்பா, நீ ஒரு வார்த்தை சொல்லலங்கிறாரு. எங்க பாடுனா, அவளுக்குத்தான் பேச்சே இல்லையேன்னேன். போன எடுத்துக் காட்டுறாரு. யூடியூப்ல கிடக்கு. 'வெறுந்தொண்டை'ன்னு பேரு போட்டு எட்டுப் பாட்டு. எட்டும் அவ கட்டுனது, அவ பாடுனது, அவளே பிடிச்சது. மதினி மக ஏத்தி விட்டிருக்கா. எங்க வச்சுப் பாடுனான்னு நினைக்கிறீங்க? எங்க வீட்டுல, என் செட்டு அடுக்கியிருக்கிற ரூமுக்குள்ள, பெட்டிகளுக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்து, போன எதுக்க வச்சுப் பாடியிருக்கா. அம்புட்டு மைக்கு இருக்கு சார் அங்க. ஒன்னத் தொடல. நான் வாசல்ல உக்காந்து ஒயருக்கு ஈயம் வச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எட்டுப் பாட்டுப் பாடி முடிச்சிருக்கா, எனக்குத் தெரியாது. அம்புட்டு கமுக்கம்.

நானும் போட்டுப் பாத்தேன். லெவலே இல்ல சார். ஃபுல்லா வச்சாலும் டொக்கு டொக்குன்னு ஒரு தட்டுற சத்தம்தான் வருது. இருங்க, போட்டுக் காட்டுறேன். இந்தா. தட்டு வருதா? அம்புட்டுத்தான். இதுல பாட்டு எங்க இருக்கு சொல்லுங்க. கண்டக்டர் எதுக்குக் கையக் கையக் காட்டுறாரு? டிக்கெட் எடுத்தாச்சுப்பா, ரெண்டு பேரும் எடுத்தாச்சு. முன் சீட்டு அம்மா வேற திரும்பித் திரும்பிப் பாக்குது. ரசிகையா இருக்கும். சரி, நிறுத்திட்டேன்.

அந்தத் தட்டு என்னன்னு பாட்டுக்குக் கீழ கமெண்டுல ஒரே சண்டை நடந்திருக்கு. ஒருத்தன் கடம்ங்கிறான். ஒருத்தர் அது ஆப்பிரிக்காக் கொட்டுன்னு அடிச்சுச் சொல்றாரு. கலிஃபோர்னியாவுல இருந்து ஒரு அம்மா, நெஞ்சுத் துடிப்ப மெசின் வச்சுப் பிடிச்சிருக்காங்கன்னு எழுதியிருக்கு. அது எங்க வீட்டு அரிசி டின்னு சார். அடியில அரைப்படி அரிசி கிடக்கும்போது தட்டுனா அந்தச் சத்தம் வரும், நிறைய இருந்தா வராது. அத நான் சொல்லலாம்னு பாத்தேன், அப்புறம் எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.

ஆளாளுக்கு ஒன்னு சொல்றான். பழைய ரசிகரு ஒருத்தரு, முனியாண்டி கோயில் திருவிழாவுல கேட்ட குரல் எங்க போச்சுக்கா, ஆத்தா தொண்டைய இப்படி ஆக்கிப்புட்டாளே, ரெஸ்ட் எடுங்கன்னு எழுதியிருக்காரு. அவரு நியாயமான மனுசன். இன்னொருத்தி, அக்கா, நாலாவது பாட்டு முடிஞ்சதும் ஒரு பெருமூச்சு விடுறீங்க, அதக் கேட்டுட்டு பாத்திரம் கழுவ முடியாம உக்காந்துட்டேங்கிறா. பெருமூச்சுக்கு ஆயிரம் பேரு லைக்கு. மைக்குல மூச்சு விழுந்துறக் கூடாதுன்னு முப்பது வருசமாப் பஞ்சு கட்டுறவன் நான். சிங்கப்பூர்ல கொத்தனார் வேலை பாக்குற பையன் ஒருத்தன், இத்தன நாளா நீங்க மேடையில இருந்து பாடுனீங்க, இப்பத்தான் பக்கத்துல வந்து உக்காந்து பாடுறீங்கன்னு எழுதியிருக்கான். பக்கத்துல உக்காந்து பாடுறதுக்கு எதுக்கு சார் பாட்டு? பேசிட்டுப் போகலாம்ல.

எங்க செட்டுல பேடு வாசிக்கிறவன் கருப்பணன். அவன் கண்ணு கலங்கிட்டான். எங்கள எல்லாம் விட்டுட்டு அரிசி டின்ன வச்சுப் பாடிருச்சே அக்காங்கிறான். அவன் சொல்றதுதான் எனக்கும் பட்டுச்சு. பால்ச்சாமி மட்டும், எதுவும் இல்லாததுதான்ப்பா நல்லாருக்குங்கிறாரு. டீக்கு சீனி வேணாம்னு சொல்ற ஆளுக்கு வேற எப்படித் தெரியும்?

ரெண்டாவது பாட்டு ஒன்னு இருக்கு. எல்லாரும் அதத்தான் எடுத்து எடுத்து எழுதியிருக்கான், அதனால எனக்கு மனப்பாடம்.

அடுப்புல உலை கொதிக்க
அங்கிட்டு நீ உக்காந்திருக்க
அழைச்ச சத்தம் என்னாச்சு
ஆறிப்போன சோறாச்சு

இது வெளிநாட்டுக்குப் போன புருசனப் பத்தின பாட்டுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. இல்ல, செத்துப்போன புருசன்னு ஒரு கூட்டம். அது சாமியக் கூப்பிடுறது, உங்களுக்கெல்லாம் ஒன்னும் தெரியலன்னு ஒருத்தரு நீளமா எழுதியிருக்காரு. நான் எந்த வெளிநாட்டுக்குப் போனேன் சார்? நான் அங்கிட்டுத்தான உக்காந்திருந்தேன்.

சரி, பாட்டு நல்ல பாட்டு, சத்தம்தான் பத்தலன்னு தோணுச்சு. பொண்டாட்டி பாட்டு ஊரெல்லாம் சுத்துது, செட்டுக்காரன் கையக் கட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? கருப்பணன உக்கார வச்சேன். எட்டுப் பாட்டுக்கும் பேடு போட்டோம், கீபோர்டு போட்டோம், குரலுக்கு எக்கோ அஞ்சு வச்சோம். ரெண்டாவது பாட்டுக்கு மட்டும் ஏழு. அப்ப கருப்பணன் காதுல மாட்டியிருந்ததக் கழட்டிட்டு, அண்ணே, ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் அக்கா 'ஏங்க'ன்னு கூப்பிடுது, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அப்புறம்தான் பாட ஆரம்பிக்குது, வெட்டிரவான்னு கேட்டான். வெட்டுடான்னேன். பாட்டுக்குள்ள வீட்டுப் பேச்சு எதுக்கு? என்னத்தையோ எடுத்துக் குடுக்கச் சொல்லிக் கூப்பிட்டிருப்பா. சுத்தமா வெட்டி எடுத்துட்டு, 'பஞ்சவர்ணம் ஹிட்ஸ், எக்கோவுடன்'னு பேரு போட்டு நம்ம செட்டுப் பேர்ல ஏத்தி விட்டோம். யாருய்யா இதக் கெடுத்தவன்னு கீழ ஒரே திட்டு. வயித்தெரிச்சல் புடிச்ச பயலுக.

மறுநாள் அவ துணிமணிய எடுத்துக்கிட்டு மதினி வீட்டுக்குப் போயிட்டா. பார்த்திபனூருக்கு. சொல்லிட்டுப் போனாளான்னா, வாசல்ல நின்னு வாய அசைச்சா. நான் ஒயரச் சுத்திக்கிட்டு இருந்தேன். போனவ போனவதான். நானும் ஃபோன் பண்ணல. ஃபோன்ல அவ பேச மாட்டா, நம்ம மில்லுச் சத்தத்துல ஃபோனும் சரியா வராது. கடைசியா ஒரு மெசேஜ் வந்துச்சு. பாருங்க, இதான். நீங்களே படிங்க. 'ஒரு வார்த்தை கேட்டீங்களா?'

கேட்டீங்களாவாம். நான் உள்ளதச் சொல்றேன் சார், கேக்கல. லெவல் இல்லாததுல என்னத்தக் கேக்க? எக்கோ போட்டதையே கருப்பணன் சரியா இருக்குண்ணேன்னு சொன்னான், நான் தலைய ஆட்டுனேன். பாட்டுல ஒரு வார்த்தையாச்சும் கேட்டீங்களான்னு அவ கேக்குறா. கேக்கலன்னு சொன்னா அவ்வளவுதான், அங்கயே இருந்துக்கிருவா. வீடு வீடா இல்ல சார். தட்டு வைக்கிற சத்தம்கூட இல்ல. இன்னைக்கு வர்றேன்னு மதினிக்கு மெசேஜ் போட்டுட்டேன். போய் நின்னதும் முதல் கேள்வி இதுதான் வரும். அதுக்குத்தான் ஒரு வாரமாப் பாக்குறவங்ககிட்ட எல்லாம் கேட்டுக் கேட்டு வச்சிருக்கேன். நாலாவது பாட்டுல பெருமூச்சு நல்லாருந்துச்சுன்னு சொல்லலாம். ரெண்டாவது பாட்டு மனச என்னமோ பண்ணுச்சுன்னு சொல்லலாம். அரிசி டின்னு எனக்கே தெரியும். ஆனா எட்டாவது பாட்டப் பத்தி ஒரு பய விவரமா எழுதல. அழுகுற பொம்மையாப் போட்டு வச்சிருக்கான். அத மட்டும் நீங்க கேட்டுச் சொல்லணும். அவ எட்டாவதப் பத்தித்தான் கேப்பா. எனக்குத் தெரியும், கடைசிப் பாட்டுலதான் அவ சரக்க வைப்பா.

உங்க ஒயரையே மாட்டிக்கிருங்க. இந்தா போடுறேன். கேளுங்க. நான் பேசல.

...

என்ன சார், முடிஞ்சிருச்சா? ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா, இந்த இஞ்சினு வேற. ஆங். முதல்ல 'ஏங்க'ன்னு கூப்பிடுறா. அது தெரியும், எல்லாப் பாட்டுக்கும் கூப்பிடுறதுதான். அப்புறம்? ஆஸ்பத்திரியப் பத்தின பாட்டா. தையல் போட்ட கழுத்த... என்னது? கண்ணாடியில பாத்தாளா. பக்கத்துக் கட்டில்காரி கேட்டா, ஊசி போட வந்த பொண்ணு கேட்டா, கூட்டுற அம்மா கேட்டா, வலிக்குதான்னு. சரி. அதுல என்ன இருக்கு, ஆஸ்பத்திரின்னா கேக்கத்தான செய்வாங்க. இன்னும் ஒரு ஆளு கேக்கணும், அந்த ஆளு வர்ற வழியில இருக்காருன்னு பாடுறாளா. யாரு அது? பேரு சொல்லல. ம்.

நான் கூடத்தான் சார் இருந்தேன். ஆஸ்பத்திரிய விட்டு நகரல. டாக்டர் ரூமு வாசல்லயே கிடந்தேன்.

முடிவுல? பாட்டு முடிஞ்சப்புறமும் ஓடுதா? என்ன வருது? திரும்ப 'ஏங்க'ன்னு கூப்பிடுறா. சரி. சத்தமே இல்ல. அப்புறம் 'ஏங்க'. சத்தமே இல்ல. அப்புறம்? சரின்னு சொல்றாளா. 'சரி'ன்னா? அதோட நின்னுருதா. சரின்னு சொல்லிட்டா அப்புறம் என்ன சார், சம்மதம்தான. நல்ல சகுனமாப் போச்சு. சரின்னு முடிச்சிருக்கா.

எதுக்குச் சரி?

ஒன்னு கேக்கணும். பின்னாடி மில்லுச் சத்தம் கேட்டுச்சா? கர்ருன்னு ஓயாம ஓடுமே. பாட்டுக்குள்ள விழுந்திருக்கும். இல்லையா? நல்லாக் கேட்டீங்களா? ஒரு குருவிச் சத்தம் தவிர ஒன்னும் இல்லையா. எப்படி இல்லாமப் போகும்? செட்டு ரூமு ஜன்னலத் திறந்தா மில்லுதான். அன்னைக்கு லீவு விட்டிருப்பான். லீவு விட மாட்டான், ஆனா அன்னைக்கு விட்டிருப்பான் போல.

என்ன சொல்றீங்க? கொஞ்சம் இந்தக் காதுப் பக்கமா. மெசேஜா? கேட்டீங்களான்னா, பாட்டக் கேட்டீங்களான்னு இருக்காதுங்கிறீங்களா. வேற என்னவா இருக்கும்? விசாரிச்சீங்களான்னா? ஒரு வார்த்தை... எப்படியிருக்கன்னு கேட்டீங்களான்னு.

இல்ல சார். அப்படி இருக்காது. பாட்டு வந்தப்புறம்தான அந்த மெசேஜ் வந்துச்சு. பாட்டப் பத்தித்தான் கேப்பா. நான் என்னத்த விசாரிக்கிறது, நான்தான் கூடவே இருந்தேன்ல. கூட இருக்கிறவன் விசாரிப்பானா? விருந்தாளிதான் விசாரிப்பான். சாப்டியா, தூங்குனியா, வலிக்குதான்னு சொந்த வீட்டுக்குள்ள யாராச்சும் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா? ...கேப்பாங்களா. உங்க வீட்டுல கேப்பீங்களா? சரி. வாத்தியார் வீட்டுல கேப்பீங்க.

அவ எங்கிட்ட கேப்பா. செட்டு இறக்கிட்டு வந்தா, இடுப்பு வலிக்குதான்னு கேப்பா. அது அவ குணம். ஊரு ஊராப் போய்க் கேட்டவதான.

அப்ப நான் என்ன சார் சொல்றது? இம்புட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். பெருமூச்சு, உலை கொதிக்கிறது, சிங்கப்பூர்க்காரன் சொன்னது, எல்லாம். அத எல்லாம் விட்டுட்டு வலிக்குதான்னு போய்க் கேக்கவா? ஆடியில போட்ட தையலுக்கு இப்பப் போயா? சிரிக்க மாட்டாளா? ...ஆறியிருக்கும் சார். எப்பவோ ஆறியிருக்கும்.

எனக்கு ஒன்னுமே தோணல. கையக் கிள்ளிப் பாத்தாக்கூட யாரு கையோ மாதிரி இருக்கு. நீங்க சொன்னதும் அழுக வரணும்ல? வரல. வந்தா நல்லாருக்கும்னு இருக்கு.

பார்த்திபனூர் வந்திருச்சா. நிக்குது, நிக்குது. எல்லாரும் இறங்கட்டும், கூட்டத்துல நான் எதுக்கு இடிக்கணும். வண்டியக் கொஞ்ச நேரம் போடுவான் இங்க. டீ குடிக்காம எடுக்க மாட்டான். இறங்குறேன் சார், இறங்கத்தான வந்தேன். ஒரு நிமிசம் இருங்க.

அந்தா நிக்கிறா. பாத்தீங்களா, தண்ணித் தொட்டிகிட்ட, பச்சைச் சேலை. மதினி சொல்லியிருக்கும் போல. மெலிஞ்சுட்டா. கழுத்துல துண்டச் சுத்தியிருக்கா பாருங்க, தையல மறைக்கத்தான். வீட்டுலயும் அப்படித்தான் சுத்தியிருப்பா, நான் குளிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். என்னையப் பாத்துட்டா. வர்றா. ஜன்னலுக்குத்தான் வர்றா.

எதுக்கு சார் என் முட்டியத் தட்டுறீங்க? இறங்குறேன்னு சொன்னேன்ல.

பாருங்க, ஜன்னலுக்குக் கீழ வந்து நிக்கிறா. கை எட்டுற தூரம். அந்தா, வாய அசைக்கிறா. இதத்தான் சார் நான் சொன்னேன், இப்படியேதான் வீட்டுலயும். சத்தமாச் சொல்லுடி, இந்த வண்டி இரைச்சல்ல ஒன்னும் விழல. சார், உங்களுக்கு விழுதா? என்ன சொல்றா? ஏங்கன்னா? உங்களுக்கு அங்கிருந்து கேக்குதா. எனக்கு இந்தா பக்கத்துல நிக்கிறா, இஞ்சின் சத்தத்துல...

என்ன? யாரக் காட்டுறீங்க? ஆமா, டிரைவர். டீக்கடையில நிக்கிறாரு. அதுக்கென்ன?

இஞ்சின எப்ப நிறுத்துனாரு? வந்து நின்னதுமேயா?

அப்ப எனக்கு ஓடுதே, இந்தச் சத்தம் என்ன சார்?